முதல் வகுப்புக்கு நாய் வேண்டாம்!

நாய்ப் பயிற்சி கிளப் ஆரம்பிக்கப் போகிறேன் என்கிறாயா, தங்கச்சி? தாராளமாக ஆரம்பி. ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் நாயைக் கூட்டி வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. வீட்டில் சோறு வைப்பவர், வாக்கிங் கூட்டிப் போகிறவர், சோபாவில் ஏறினாலும் செல்லம் கொஞ்சுகிற தாத்தா, எல்லோரும் வரட்டும். நாயோடு வந்தால் நீ பேசுவது யார் காதிலும் ஏறாது. டாமி ரோஸியைப் பார்த்துக் குரைக்க, ரோஸி செயினை அறுத்துக்கொண்டு பாய, அந்த ஒரு மணி நேரமும் இழுபறியிலேயே போய்விடும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் நாய் உன் முன்னால் நிற்பது ஒரே ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அதற்கு வாத்தியார் வீட்டுக்காரர்கள்தான். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்தான் நல்ல ட்ரெயினர். நாயைத் தன் கையில் வாங்கி, பத்து நிமிடத்தில் உட்காரவைத்துக் காட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறவரை வேலைக்கு வைக்காதே. அவரிடம் உட்கார்ந்த நாய் வீட்டுக்குப் போனதும் பழைய குருடி கதவைத் திறடிதான். பணம் கட்டினவர் உன்னைத்தான் வந்து கேட்பார்.

அந்த நாயில்லாத வகுப்பிலேயே தடுப்பூசிப் புத்தகங்களை வாங்கிப் பார்த்துவிடு. “எல்லாம் போட்டாச்சு மேடம்” என்பதெல்லாம் கணக்கில் சேராது. தேதி, டாக்டர் கையெழுத்து, மருந்து பாட்டிலில் இருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் மூன்றும் இருக்கிறதா என்று பார். ரேபிஸ் ஊசி குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கும், அப்புறம் டாக்டர் சொல்லும் பூஸ்டர், பிறகு வருடாவருடம். புத்தகம் இல்லாத நாய்க்கு இடமில்லை, அது உன் மாமியார் வீட்டு நாயாக இருந்தாலும் சரி.

குட்டி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து நடக்க வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் ஊசிக் கணக்கு முடியாத குட்டியைப் பொது மைதானத்துப் புல்லில் இறக்கக் கூடாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தாலும் தப்பு. குட்டி உலகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்கிற காலம் பிறந்த மூன்றாவது வாரத்தில் தொடங்கி, மூன்று, மூன்றரை மாதத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் ஹெல்மெட் போட்ட ஆள், குடை, ஆட்டோ சத்தம், குக்கர் விசில், பர்தா, காக்கிச் சட்டை எதையும் பார்க்காமல் வளர்ந்த நாய்தான் பின்னால் பார்க்கிறதையெல்லாம் கண்டு மிரளும், மிரண்டால் கடிக்கும். ஆகவே குட்டிகளுக்குத் தனி வகுப்பு வை. யாராவது ஒருவர் வீட்டு டைல்ஸ் ஹாலை பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்து, நன்றாகக் கழுவிக் காயவிட்டு, அங்கே நடத்து. தெருவைக் காட்ட வேண்டுமென்றால் தூக்கி வைத்துக்கொண்டு காட்டட்டும்.

இன்னொன்றும் அன்றைக்கே கேட்டுவிடு: “உங்கள் நாய் யாரையாவது கடித்திருக்கிறதா?” எல்லோர் முன்னாலும் கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டு, படிவத்தில் எழுதி வாங்கு. கடித்த நாயைச் சேர்க்கவே கூடாது என்றில்லை. ஆனால் அதற்குத் தனி நேரம், வாய்க்கூடு, அனுபவமுள்ள ட்ரெயினர் வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்தி வைக்கிற நாய் இல்லை அது.

எத்தனை நாய் சேர்க்கலாம் என்றால், ஒரு ட்ரெயினருக்கு ஆறு, மிஞ்சினால் எட்டு. நாய்க்கு நாய் பத்தடி இடைவெளி. சுண்ணாம்புப் பொடியால் தரையில் வட்டம் போட்டுவிட்டால் யாரும் நகர மாட்டார்கள். நேரம் காலை ஆறரை. ஏழரைக்கு மேல் இழுக்காதே. அதிலும் பங்குனி, சித்திரையில் மைதானத்தை விட நிழலுள்ள மொட்டைமாடியோ மண்டபமோ தேவலை. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பார். உன் கைக்குச் சுட்டால் அதன் காலுக்கும் சுடும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் வெயிலில் சீக்கிரம் துவண்டுவிடும். இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாக வடிந்து, ஈறு சிவந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் கொண்டு போ. ‘முதலில் டாக்டர், அப்புறம் தண்ணீர்’ என்று வரிசையை மாற்றினால் வழியிலேயே நாய் போய்விடும்.

பெட்டை நாய் ஹீட்டில் இருந்தால் அந்த மூன்று வாரமும் வகுப்புக்கு லீவ். அந்தக் கட்டணத்தை அடுத்த பேட்ச்சுக்கு மாற்றிக் கொடுத்துவிடு. இல்லாவிட்டால் ‘பணம் கட்டியிருக்கிறேனே’ என்று மறைத்துக் கூட்டி வருவார்கள். வந்தால் மற்ற நாயெல்லாம் உன் பேச்சைக் கேட்கும் என்று நினைக்காதே.

சரி, இனி பயிற்சி. ‘சிட்’ சொல்லிக்கொடுப்பதையே எடுத்துக்கொள். பத்தில் எட்டுப் பேர் நாயின் பின்பக்கத்தை அமுக்குவார்கள். அமுக்கினால் நாய் எதிர்த்து நிற்கும், இடுப்புக்கும் கெடுதல். வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி எடுத்துக்கொள்ளச் சொல். சைவ வீடு என்றால் பனீர், இல்லாவிட்டால் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அந்தத் துண்டை நாயின் மூக்கருகே பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலே, பின்பக்கமாகக் கொண்டுபோகட்டும். மூக்கு மேலே போகப் போகப் பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். தரையைத் தொட்ட அதே கணம் “எஸ்”, உடனே துண்டு வாய்க்குள். இரண்டு விநாடி தாமதித்தால் அதற்குள் நாய் எழுந்திருக்கும். அப்புறம் எழுந்ததற்குத்தான் கூலி கொடுத்ததாக ஆகும். இந்தக் கணக்கை வீட்டுக்காரர் கைக்குக் கொண்டுவருவதுதான் உன் முழு வேலையும். நாயை விட்டுவிட்டு முதலில் அவர்களையே ஜோடி ஜோடியாக நிறுத்திப் பழக்கு. ஒருவர் பந்தைத் தட்ட, அது தரையைத் தொடும் கணத்தில் இன்னொருவர் “எஸ்” சொல்ல வேண்டும். சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும், கையும் பழகிவிடும்.

திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் எதுவும் நாய்க்கு ஆகாது. பொங்கல் சமயத்தில் சர்க்கரைப் பொங்கலை உருட்டிக் கொண்டுவருகிற பாட்டிகளைக் கவனித்துக்கொள்.

வீட்டில் ஒருவர் ‘சிட்’, இன்னொருவர் ‘உட்காரு’, மூன்றாமவர் ‘சிட் டவுன்’ என்றால் நாய் எதைத்தான் கேட்கும்? குடும்பமே பேசி ஒரே சொல்லை முடிவு செய்து, பேப்பரில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டட்டும். வீட்டுப்பாடம் ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

செயினை இழுத்துக்கொண்டு ஓடும் நாய்க்கு ஒரே மருந்து: இழுத்தால் நில், தளர்ந்தால் நட. ஆரம்பத்தில் தெருமுனை வரை போவதற்குள் ஆபீஸ் நேரமாகிவிடும். அதனால் இந்தப் பயிற்சியையும் அவசர வாக்கிங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. கழுத்தை இறுக்குகிற சோக் செயின், முள் காலர், ஷாக் காலர் மூன்றையும் வாசலிலேயே கழற்றி வாங்கி வைத்துவிடு. வலியால் அடங்கின நாய் அடங்கின மாதிரிதான் தெரியும். என்றைக்கு, யார் மேல் அதைத் தீர்த்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ‘எங்க அப்பா காலத்துல அடிச்சுத்தான் வளர்த்தோம்’ என்று ஒருவர் நிச்சயம் ஆரம்பிப்பார். வாக்குவாதம் செய்யாதே. அவருக்குப் பக்கத்து வட்டத்தில் ஈரலுக்கு உட்கார்ந்த நாயை நிறுத்து, போதும்.

‘வா’ என்று கூப்பிட்டு ஒருபோதும் திட்டக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, மருந்தும் ஊற்றக் கூடாது. அதற்கெல்லாம் நாமே எழுந்து நாயிடம் போக வேண்டும்.

நம் ஊர் நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் புத்தகங்களை வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய்கள். தூரத்தில் ஒரு பூனை அசைந்தால் போதும், உன் குரல் காதில் விழுவதற்குள் ஓடியிருக்கும். வேலி இல்லாத மைதானத்தில் அவற்றை அவிழ்த்துவிடாதே, முப்பதடிக் கயிற்றில் வைத்தே ‘வா’ பழக்கு. தலை குறுகல் என்பதால் சாதாரண பெல்ட்டில் இருந்து பின்வாங்கி நழுவிவிடும். அவற்றுக்கு அளவாக இறுகி நிற்கிற மார்டிங்கேல் பெல்ட்தான் சரி. ஒல்லி உடம்பு, நீளக் கால், உட்காருவது பல நாய்களுக்குச் சுகப்படாது. சாக்கு விரித்துப் படுக்கப் பழக்கு, போதும். உட்காரவில்லை என்பதற்காக மக்கு என்று முடிவு கட்டாதே.

ராஜபாளையத்தில் வேறு ஒரு சங்கதி. அந்த வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்குச் சேர்ந்தே வரும். “திமிர் பிடித்த நாய், கூப்பிட்டால் திரும்பாது” என்று ஒருவர் கொண்டுவந்தால், முதலில் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார். காது அசையவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்பு, கூடவே கைச்சைகையில் பாடத்தைத் தொடங்கு. உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்கார், கீழே இறக்கினால் படு. ‘எஸ்’சுக்குப் பதில் கட்டைவிரல். காது கேட்காத நாய் சைகையில் அழகாகப் படிக்கும். சொல்லப்போனால் எல்லா நாய்க்குமே குரலை விடச் சைகை சீக்கிரம் பிடிபடும். மைக் அலறுகிற மேடையில் இது கைகொடுக்கும்.

தெருவில் எடுத்து வளர்த்த நாய்க்கும் அதே வட்டம், அதே கட்டணம். ‘எங்களுடையது பெடிகிரி’ என்று யாராவது முகத்தைச் சுளித்தால் அவர்களுக்கு வேறு கிளப் இருக்கிறது என்று சொல்லிவிடு.

ஆபீஸ் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் நண்பர்களாகச் சேர்ந்து நடத்துவது முதல் சண்டை வரைக்கும்தான் தாங்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதியலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, மினிட்ஸ் புத்தகம், ரசீதுப் புத்தகம் மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். எட்டு வாரத்துக்கான கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கு. வாராவாரம் வாங்கினால் தூறல் போட்ட அன்றைக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வகுப்பு விஷயம் மட்டும். ‘குட்டி விற்பனைக்கு’ என்று போட்டால் நீக்கிவிடு. கிளப் குட்டி வியாபாரச் சந்தையாக மாறுவதற்கு அது ஒன்றே போதும்.

இனிமேல்தான் பொது நிகழ்ச்சி. இதில்தான் எல்லோருக்கும் ஆசை. சங்கம் பதிந்த மறுவாரமே ‘அக்கா, டாக் ஷோ வைக்கலாமா’ என்பார்கள். ஒரு பேட்ச் முழுதாக முடியட்டும். நிகழ்ச்சிக்காக வகுப்பு நடத்தாதே, வகுப்பில் தேறிய நாய்களை மட்டும் நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போ. ஆனாலும் காட்சி நிகழ்ச்சியைச் சும்மா வேடிக்கை என்று நினைத்துவிடவும் கூடாது. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் அஜிலிட்டி போட்டி, 1978-இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் டாக் ஷோவில் இடைவேளை நேரத்தை நிரப்புவதற்காக, குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்து அமைத்த ஒரு காட்சியில் இருந்துதான் பிறந்தது.

முதல் நிகழ்ச்சியைப் பள்ளிக்கூடத்தில் வை. இருபது நிமிடம் போதும், ஆறு நாய் போதும். மேடையே வேண்டாம், தரைதான். பந்தல்காரர் போட்டுத் தரும் பலகை மேடை உள்ளே காலி. நாய் நடந்தால் டமடம என்று சத்தம் வரும், அதன் சத்தத்துக்கே அது மிரளும். ஃப்ளெக்ஸ் விரித்திருந்தால் நகம் பிடிக்காமல் நாலு காலும் நாலு பக்கம் வழுக்கும். தேங்காய் நார் விரிப்பு கிடைத்தால் வாடகைக்கு எடு. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்த் தரையை நடந்து பார்த்துவிடு: நெருஞ்சி முள், கண்ணாடிச் சில்லு, நேற்றைய கல்யாணத்து எலும்பு. எலும்பு கிடந்தால் உன் நாயகன் அத்தோடு காலி. ஸ்பீக்கரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பு, நாயின் பக்கம் வேண்டாம். செண்டை, பறை, பட்டாசு உண்டா என்று அழைத்தவர்களிடம் முன்கூட்டியே கேள். உண்டு என்றால் உன் நிகழ்ச்சி அதற்கு முன்னால் முடிந்து நாய்கள் வண்டி ஏறியிருக்க வேண்டும்.

கயிறு கட்டி, கயிற்றுக்கும் நாய்க்கும் நடுவில் பத்தடி விடு. நல்ல நாய் முதலில், மிக நல்ல நாய் கடைசியில். நடுவில் ஒரு குறும்புக்காரக் குட்டியை விடு. அது பாதி வழியில் நின்று சொறிந்துகொண்டால் கூட்டம் சிரிக்கும், பார்க்கிற நாய் வளர்ப்பாளர்களுக்கும் தெம்பு வரும். தடைகளை பி.வி.சி. பைப்பில் செய்துகொள், கால் பட்டால் விழுகிற மாதிரி குறுக்குக் கம்பு இருக்கட்டும். மஞ்சளும் நீலமும் பூசு. நாய்க்கு அந்த இரண்டு நிறமும்தான் நன்றாகத் தெரியும், பச்சைப் புல்லில் சிவப்புக் கம்பு எடுபடாது. ஒரு வயதாகாத நாயைத் தாண்ட விடாதே, வளரும் எலும்பு. தீ வளையம் பேச்சுக்கே இடமில்லை. ‘கடிக்கச் சொல்லுங்க மேடம்’ என்று கூட்டத்தில் ஒருவன் கத்துவான். அதற்குப் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவு இருக்கிறது, நாங்கள் வீட்டு நாய்க்காரர்கள் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போ.

மைக்கை ட்ரெயினரிடம் கொடுக்காதே. அவர் கண் நாய் மேல் இருக்க வேண்டும். பேசத் தெரிந்த ஓர் உறுப்பினரைத் தனியாக வை. நாய் சொன்னபடி கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை, இப்போது என்ன செய்யப்போகிறோம் என்று அவர் விளக்கட்டும். கூட்டம் தோல்வியைப் பார்த்துத்தான் அதிகம் கற்றுக்கொள்ளும். கொட்டாவி, உதடு நக்கல், வாலை ஒடுக்கல், கண்ணின் வெள்ளை தெரிவது இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே அந்த நாயை வெளியே கொண்டுபோய்விட வேண்டும், கலெக்டரே உட்கார்ந்திருந்தாலும்.

நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஓடிவருவார்கள். ஆபத்து அங்கேதான். பயந்த நாய்களை முதலில் வண்டியில் ஏற்று. இரண்டே நாய்களை நிறுத்தி, ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, நாய் தானாக வந்து முகர்ந்த பிறகு, தலையை விட்டுவிட்டு மார்புப் பக்கமாகத் தடவச் சொல். கட்டிப்பிடித்து செல்ஃபி கிடையாது. மீறி ஒரு கீறலோ கடியோ பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் அப்பவிடாதே. ஊசி போட்ட நாய்தானே என்று சமாதானம் சொல்லாமல் அரசு மருத்துவமனைக்கு நீயே கூட்டிப் போ. ஒரு வாளி, சோப்பு, இருபது லிட்டர் கேன் இரண்டு, இவை இல்லாமல் எந்த நிகழ்ச்சிக்கும் கிளம்பாதே.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்காதே. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும். டிக்கெட் போட்டு மக்களை உள்ளே விட்டு விலங்கை ஆடவைத்தால், 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். 2001-இல் வந்த விதிகளின்படி அந்தப் பதிவை இந்திய விலங்குகள் நல வாரியத்தில் செய்ய வேண்டும். எனவே டிக்கெட் வேண்டாம். இலவச நிகழ்ச்சிதானே என்று விட்டுவிடாமல் வாரியத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வை.

எந்த நாளில் முதல் நிகழ்ச்சி வைப்பது என்று கேட்டால் செப்டம்பர் 28 என்பேன். உலக ரேபிஸ் தினம், லூயி பாஸ்டர் 1895-இல் மறைந்த நாள். அன்றைக்குக் காலை பள்ளிக்கூடத்தில் இருபது நிமிடக் காட்சி, பக்கத்திலேயே ஊர் நாய்களுக்கெல்லாம் இலவசத் தடுப்பூசி முகாம். உன் ஆறு நாய்களைப் பார்க்க வருகிற கூட்டம் தன் வீட்டு நாயையும் கையோடு பிடித்துக்கொண்டு வரும். முகாமுக்கு மருந்தும் டாக்டரும் வேண்டும் என்றால் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் அரசு கால்நடை மருத்துவமனையில் மனு கொடுத்துவிடு, தங்கச்சி.